மண்ணெண்ணெய் மணக்கும் கரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரை வடக்கே இடவாவில் தொடங்கித் தெற்கே பொழியூரில் முடிகிறது. பொழியூரைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டுவரை இவ்விரு பகுதிகளும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. ஆதலால் அக்கரையில் வாழும் மீனவர் பேச்சில் தமிழும் மலையாளமும் பிரித்தறிய இயலாதபடி கலந்து கிடக்கின்றன. அஞ்சுதெங்கு, மரியநாடு, தும்பா, வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் என்று ஒவ்வோர் ஊராக நடந்து சென்றால், மணலில் ஏற்றி வைத்த படகுகளும் உலர்த்திய வலைகளும் கண்ணில் படும். கண்ணுக்கு முன்பே மூக்குக்கு எட்டுவது ஒன்றுண்டு. அது மண்ணெண்ணெய் நெடி. சமையலறைகளை விட்டு மண்ணெண்ணெய் விடைபெற்று ஆண்டுகள் பல ஆயின. கடற்கரையை விட்டு மட்டும் அது இன்னும் போகவில்லை.

இக்கரையின் பழைய கலம் கட்டுமரம். நன்கு மிதக்கும் மரக்கட்டைகள் சிலவற்றைச் செதுக்கி, கயிற்றால் இறுகப் பிணைத்தால் கலம் ஆயத்தம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே உலர வைப்பர். ஆணி இல்லை, அடித்தளம் இல்லை, மூழ்குவதற்கு உள்ளே வெற்றிடமும் இல்லை. அலை மேலேறி அடித்தாலும் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். பாயும் துடுப்புமே அதன் ஆற்றல். ஆங்கிலேயர் இச்சொல்லைத் தம் மொழிக்குக் கொண்டுசென்று, பின்னாளில் இரட்டை உடல் கொண்ட கலங்களுக்கெல்லாம் அதே பெயரைச் சூட்டினர். இந்தப் பெயர் மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. இன்னும் சிறிது நேரத்தில் அது வேறொரு வேடத்தில் திரும்பி வரும்.

1980-களில் இக்கரைக்கு வெளிப்பொருத்து இயந்திரம் பரவலாக வந்தது. படகின் பின்விளிம்பில் மாட்டித் திருகி இறுக்கினால் போதும். வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெரிய மரங்கள் அரிதாகிவிட்ட அக்காலத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளும் வந்தன. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அப்படகுகளைக் கட்டுவதிலும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதிலும் முன்னின்றது. பாய்க்குக் காற்று வேண்டும்; துடுப்புக்குத் தோள் வேண்டும்; இயந்திரத்துக்கு எண்ணெய் மட்டும் போதும். அந்த எண்ணெய்தான் பின்னர் பெரும் சிக்கலாயிற்று.

இவ்வியந்திரங்கள் பெட்ரோலில் உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுவன. மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் இது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. பின்னர் விலை ஏறிற்று. இயந்திரத்தின் குதிரைத்திறனைப் பார்த்து அரசு அளிக்கும் அனுமதிச் சீட்டுக்கு மானிய விலையில் கிடைக்கும் அளவு, கடலுக்குப் போகும் நாள்களுக்குப் போதவில்லை. எஞ்சியதை வெளிச்சந்தையில் வாங்க வேண்டும். வலையில் மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் எண்ணெய் எரியத்தான் செய்யும். நான்கு பேர் விடியுமுன் புறப்பட்டு, நண்பகலில் கரையேறி, மீனை விற்ற பணத்தில் முதலில் எண்ணெய்க்கடனைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். மிச்சம் இல்லாத நாள்களும் உண்டு. எரியாத எண்ணெய் புகையோடு கலந்து நீரில் படிவது வேறு.

அப்படியானால் இவ்வியந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரை மாட்டிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. வினா எளியது, விடைதான் எளிதன்று. அதன் கடினம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அறிய ஒரு விளையாட்டுப் படகே போதும்.

வானொலி அலையால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு படகுகளைப் பலர் பொழுதுபோக்காக ஓட்டுகின்றனர். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ நீளம் இருக்கும். அவற்றுள் சிலவற்றில் மின்மோட்டார் உண்டு. சிலவற்றில் உண்மையான பெட்ரோல் இயந்திரமே உண்டு. 26 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அந்தச் சிறு இயந்திரம், தோட்டத்தில் புல்வெட்டும் கருவியின் இயந்திரத்துக்கு நெருங்கிய உறவு. கயிற்றை இழுத்து முடுக்க வேண்டும். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். பெருஞ்சத்தமும் புகையும் எழும். வெள்ளாயணி ஏரி போன்ற அமைதியான நன்னீர்ப் பரப்பில் அதை ஓட்டினால், நீர்ப்பறவைகள் பறந்துபோன பின்னரே படகு தெரியும். அத்தகைய படகொன்றை மின்சாரத்துக்கு மாற்றுவதாகக் கொள்வோம்.

முதல் வேலை கழற்றுதல். இயந்திரம், எரிபொருள் தொட்டி, நீண்ட புகைக்குழல் ஆகிய மூன்றும் வெளியே வரும். படகின் வயிறு திடீரென்று காலியாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்கும் வேலை, கழற்றும் வேலையைவிட நீண்டது. பிசுக்கு இருக்குமிடத்தில் பசை ஒட்டாது. இயந்திரம் இருந்த இடத்தில் அலுமினியத் தகடு ஒன்றை நிறுத்தி, அதில் மோட்டாரைப் பொருத்த வேண்டும். மோட்டாரின் அச்சும், விசிறியைச் சுழற்றும் தண்டும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். மயிரிழை பிசகினாலும் தண்டு அதிரும், அதிர்ந்தால் சூடேறும், சூடேறினால் மின்கலத்தின் ஆற்றலில் ஒரு பகுதி பயனின்றிப் போகும்.

விசிறியைச் சுழற்றும் தண்டு இத்தகைய படகுகளில் ஒற்றைக் கம்பியாக இராது. மெல்லிய எஃகுக் கம்பிகள் பலவற்றைக் கயிறுபோல் முறுக்கிச் செய்த நெகிழ்தண்டு அது. வளைந்த குழாய்க்குள் புகுந்து சுழலும். இங்கேதான் புதியவர்கள் தவறுகின்றனர். முறுக்கிய கயிற்றை முறுக்கின் திசையில் திருகினால் இறுகும். எதிர்த்திசையில் திருகினால் பிரியும். அதுபோலவே இத்தண்டும் ஒரு திசையில் சுழன்றால்தான் வலுவோடு இருக்கும். மோட்டாரை எதிர்த்திசையில் ஓடவிட்டால் முறுக்கு அவிழ்ந்து, குழாய்க்குள் உப்பிச் சிக்கி, இறுதியில் அறுந்துபோகும். நல்லவேளையாக, தூரிகை இல்லாத இம்மோட்டார்களுக்கு மூன்று கம்பிகள் உண்டு. அவற்றுள் எவையேனும் இரண்டை இடம் மாற்றி இணைத்தால் சுழலும் திசை மாறிவிடும். கயிறு திரிக்கத் தெரிந்த மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கு. லித்தியம் பாலிமர் மின்கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். 6 கலங்களைத் தொடராக இணைத்தால் 22.2 வோல்ட் கிடைக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று என்று குறிக்கப்பட்ட மோட்டாரை அதனோடு இணைத்தால், சுமையின்றி நிமிடத்துக்கு 22,200 சுற்று சுழலும். பழைய இயந்திரத்துக்குப் பொருத்தியிருந்த பெரிய விசிறியை அப்படியே விட்டுவிட்டு இவ்வேகத்தில் சுழற்ற முயன்றால், மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும், கம்பிகள் சுடும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கருகும். பெட்ரோல் இயந்திரம் தன்னால் இயலாவிட்டால் திணறி நின்றுவிடும். மின்மோட்டாருக்கு அந்த நாணம் இல்லை. கேட்டதைக் கொடுக்கக் கொடுக்க, எரிந்துபோகும் வரை இழுக்கும். ஆகவே சிறிய விசிறியில் தொடங்கி, ஓரிரு நிமிடம் ஓட்டி, கரைக்குக் கொண்டுவந்து, மோட்டாரையும் மின்கலத்தையும் தொட்டுப் பார்த்து, பிறகே விசிறியின் அளவைக் கூட்ட வேண்டும். மின்கலத்தை முற்றிலும் வற்றவிடுதலும் கூடாது. ஒரு கலத்தின் அழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது மீளாது. ஆளில்லாத அறையில் அதற்கு மின்னேற்றம் செய்வதும் கூடாது. பழுதுற்ற லித்தியம் கலம் தீப்பற்றக் கூடியது.

இறுதியாக எடை. படகின் பின்முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவில் எடையின் நடுப்புள்ளி அமைந்தால் படகு சமநிலையோடு ஓடும். மின்கலத்தை முன்னும் பின்னுமாக நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெட்ரோல் தொட்டி ஓட ஓட இலேசாகும். மின்கலமோ நிறைந்திருந்தாலும் தீர்ந்திருந்தாலும் ஒரே எடைதான். விளையாட்டுப் படகில் இது பெரிய செய்தியன்று. பூந்துறைப் படகில் இதுவே முழுச்செய்தி. புறப்படும்போது எண்ணெய்க் கலன் கனமாகவும் படகு காலியாகவும் இருக்கும். திரும்பும்போது எண்ணெய் தீர்ந்திருக்கும், படகில் மீன் நிறைந்திருக்கும். சுமை மாறும் இந்த ஒழுங்கை மின்கலம் அறியாது.

மின்சாரம் நீருக்குப் புதிதன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 1838-ஆம் ஆண்டிலேயே யாக்கோபி என்னும் அறிஞர், ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்கலத்தால் ஓடும் படகில் ஆள்களை ஏற்றிச் சென்றார். 1881-இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் குஸ்தாவ் துரூவே என்பவர், படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய மோட்டார் ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதுவும் மின்மோட்டாரே. வெளிப்பொருத்து இயந்திரத்தின் மூதாதை எண்ணெய் குடிக்கவில்லை! 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில், நிகோலா டெஸ்லா ஒரு தொட்டி நீரில் சிறு படகொன்றை மிதக்கவிட்டார். கம்பித் தொடர்பு ஏதுமின்றி அது அவர் எண்ணியபடியெல்லாம் திரும்பியது. உள்ளே பழக்கிய குரங்கு ஒளிந்திருக்கிறது என்றுகூடப் பார்வையாளர் சிலர் ஐயுற்றனராம். உள்ளே இருந்தது மின்கலம். வானொலி அலையால் இயங்கிய அந்த முதற்படகும் மின்படகே. பிற்காலத்தார் அதில் பெட்ரோல் இயந்திரத்தைப் புகுத்தி, பின்னர் அதைக் கழற்றிக்கொண்டிருக்கின்றனர்.

பெரிய படகுகளின் கதைக்கு வருவோம். கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுகள் நாள்தோறும் ஓடுகின்றன. வைக்கம் தமிழர்க்கு நன்கு அறிமுகமான ஊர். பெரியார் நினைவகம் அங்கே உண்டு. அத்துறையில் 2017-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் ‘ஆதித்யா’ என்னும் படகு பணியைத் தொடங்கியது. கதிரவன் ஒளியால் ஓடும் இந்தியாவின் முதல் பயணிகள் படகு அது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பற்கலை பயின்ற சந்தித் தண்டாசேரி நிறுவிய நவால்ட் நிறுவனம் அதனைக் கட்டியது. 75 பேர் அமரலாம். நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். கூரை முழுவதும் சூரிய ஒளித்தகடுகள். அவற்றின் திறன் 20 கிலோவாட். உள்ளே இரண்டு மின்மோட்டார்கள். ஏறத்தாழ 50 கிலோவாட் மணி ஆற்றலைத் தேக்கும் லித்தியம் மின்கலங்கள். கால் மணி நேரத்தில் மறுகரை சேர்ந்துவிடும். பயணிகள் ஒருவரோடொருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போகலாம் என்பதே டீசல் படகில் பழகியவர்க்குப் பெரும் புதுமையாக இருந்தது.

ஆதித்யா பழைய படகொன்றின் இயந்திரத்தைக் கழற்றி உருவாக்கப்பட்டதன்று. டீசல் படகின் உடல், வேண்டுமளவு ஆற்றல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. மின்படகுக்கு அந்த ஊதாரித்தனம் கட்டாது. எனவே நீரை மெல்லக் கிழித்துச் செல்லும் ஒல்லியான இரண்டு உடல்களை இணைத்து, அவற்றின்மேல் தளம் அமைத்தனர். இரட்டை உடல் கொண்ட கலத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? நம் கட்டுமரத்தின் பெயரேதான். அதன்பின் வேகத்தை அளவோடு நிறுத்தினர். நீரில் செல்லும் கலத்தின் வேகம் இரு மடங்கானால் வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கே போதும். ஆதித்யாவின் வெற்றி மோட்டாரில் பாதி, இந்தப் பொறுமையில் பாதி. 2020-இல் மின்படகுகளுக்கென வழங்கப்படும் பன்னாட்டு விருதொன்றை அது பெற்றது. அவ்விருது, சேன் ஆற்றில் மோட்டாரை மாட்டிக் காட்டிய துரூவேயின் பெயரால் அமைந்தது.

கொச்சியில் நீர்வழி மெட்ரோ வந்தது. கொச்சிக் கப்பல்கட்டும் தளம் கட்டிய அப்படகுகள் நூறு பேரை ஏற்றிச் செல்கின்றன. துறையில் நிற்கும் சிறுபொழுதிலேயே மின்னேற்றம் பெறுகின்றன. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் அதன் தொடக்க விழா நடந்தது கொச்சியிலன்று, திருவனந்தபுரத்தில். விழா அரங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மண்ணெண்ணெய் ஊற்றிய படகுகள் வழக்கம்போல் கடலில் இருந்தன.

இதே திருவனந்தபுரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் விண்வெளி ஆய்வு ஏவூர்தி புறப்பட்டது. அதன் பாகங்களை ஒருங்கிணைக்கும் பணியில் இளைஞர் அப்துல் கலாம் இருந்தார். அந்நிலம் மீனவர் வாழ்ந்த நிலம். அவர்கள் வழிபட்ட புனித மகதலேனா மரியாள் ஆலயமே தொடக்கத்தில் அலுவலகமாயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். ஊரார் தம் வீடுகளையும் ஆலயத்தையும் விட்டுக்கொடுத்து, சற்றுத் தள்ளிக் குடியேறினர். அவ்விடத்தில் வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், செயற்கைக்கோள்களுக்கும் ஏவூர்திகளுக்கும் வேண்டிய லித்தியம் அயனி மின்கலங்களை உருவாக்கியது. 2018-இல் அத்தொழில்நுட்பத்தை இந்தியத் தொழில் நிறுவனங்களுக்கு வழங்கவும் முன்வந்தது. அதாவது, வானுக்குச் செல்லும் மின்கலமும் கடலுக்குச் செல்லும் மண்ணெண்ணெய்க் கலனும் ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதைக் குறையென்று சொல்வதா, வேடிக்கையென்று சொல்வதா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. ஆனால் மீனவரின் தயக்கத்தை அறியாமை என்று சொல்வது மட்டும் தவறு. கணக்கு அவர் பக்கம் இருக்கிறது.

அக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருநாள் தொழிலுக்கு 25 லிட்டர் மண்ணெண்ணெய் வேண்டும் என்று கொள்க. அதன் எடை 20 கிலோ. அதில் ஏறத்தாழ 240 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியுள்ளது. இயந்திரம் அதில் பெரும்பகுதியை வெப்பமாகவும் புகையாகவும் வீணடித்து, ஆறில் ஒரு பங்கைத்தான் விசிறிக்குத் தருகிறது எனினும், 40 கிலோவாட் மணி கைக்கு வருகிறது. மின்மோட்டார் சிக்கனமானது, வீணாவது மிகக் குறைவு. அதற்கு 47 கிலோவாட் மணி போதும். ஆதித்யாவின் மின்கலம் முழுவதையும் பெயர்த்தெடுத்துச் சிறுபடகில் வைப்பதற்கு அது ஒப்பாகும். ஒரு கிலோ மின்கலத் தொகுப்பு 140 வாட் மணி தேக்கும் என்று கொண்டால், எடை 330 கிலோவைத் தாண்டும். 20 கிலோவுக்கு மாற்று 330 கிலோ! ஐந்து பேர் கூடுதலாக ஏறி, வலை இழுக்காமல் உட்கார்ந்திருப்பது போன்றது அது.

கூரையில் ஒளித்தகடு வைக்கலாம் என்பர். ஆதித்யாவுக்கு 140 சதுர மீட்டர் கூரை உண்டு. வலைவீசும் படகுக்குக் கூரையே கூடாது. கை வீசவும் வலை எழவும் வானம் திறந்திருக்க வேண்டும். மெல்லப் போகலாம் என்பர். ஏரியைக் கடப்பவர் கால் மணி நேரம் பொறுப்பார். பிந்திக் கரையேறிய மீனுக்கு ஏலத்தில் விலை பொறுக்காது. மழைக்காலத்தில், கார்மேகம் கண்டு கரைக்கு விரையும் படகுக்கு வேகம் என்பது வருமானம் மட்டுமன்று, உயிரும் ஆகும்.

எனினும் எல்லாப் படகும் ஒன்றன்று. விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகம் உண்டு. அங்கே படகு அலையைத் தாண்டி மணலில் ஏற வேண்டியதில்லை. சுவரோரம் கட்டி நிறுத்தலாம். மின்கலம் படகிலேயே இருக்கலாம். துறையிலேயே மின்னேற்றம் பெறலாம். கரையையொட்டித் தூண்டில் போடும் ஒருவர், இருவர் செல்லும் சிறுகலத்துக்கு 25 லிட்டர் தேவையில்லை. சில லிட்டருக்கு ஈடான மின்கலமே போதும். உப்பங்கழியில் ஓடும் தோணிகளுக்கு இன்னும் எளிது. மாற்றம் தொடங்குமானால் இவ்விடங்களில்தான் தொடங்கும். பூந்துறையின் திறந்த மணற்கரைக்கு அது கடைசியாகத்தான் வந்து சேரும்.

அங்கே இன்றும் கரையேறியவுடன் நடப்பது இதுதான்: படகை ஆள்கள் கூடி மணலில் தள்ளி ஏற்றுகின்றனர். இயந்திரத்தைக் கழற்றி, இருவர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகின்றனர். வெறும் எண்ணெய்க் கலனைச் சிறுவன் ஒருவன் ஒரு கையில் ஆட்டிக்கொண்டே பின்னால் நடக்கிறான். மின்கலத்தை இருவர் தூக்கும் 40 கிலோப் பெட்டிகளாகப் பிரித்தால், இன்றைய கணக்கில் எட்டுப் பெட்டிக்கு மேல் ஆகும்.